மெசினுக்குப் புதுத் தலை

கமலாசனிக்குக் கோபம் வந்தால் பாத்திரங்கள் மினுங்கும். தர்மபுரத்து வாய்க்கால் கரையில் இது எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. சாம்பலும் தேங்காய்த் தும்பும் பழப்புளியும் எடுத்துக்கொண்டு அவள் கிணற்றடியில் குந்திவிட்டாள் என்றால், யோகநாதன் வாயைத் திறந்து ஏதோ ஏடாகூடமாகச் சொல்லிவிட்டான் என்று அக்கம்பக்கம் விளங்கிக்கொள்ளும். அந்தப் புரட்டாதி மாதம் முழுக்க அந்த வீட்டுச் செம்பும் குடமும் சட்டியும் பார்க்கிறவர் கண் கூசுகிற மாதிரித்தான் கிடந்தன.

கோபத்துக்குக் காரணம் முற்றத்து வேப்பமரத்தின் கீழ் நின்றது. தலை கழற்றிய உழவு மெசின்.

மாடுகளை விற்று மெசின் வாங்குவோம் என்று ஒற்றைக் காலில் நின்றவள் கமலாசனிதான். யோகநாதனுக்கு மாடுகளில் உயிர். ஆனாலும் கடைசியில் ஓம் என்றான். பழைய மெசின்தான், ஆனாலும் போன காலபோக நெல் விதைப்புக்கு வாய்க்கால் கரை முழுவதும் அதுதான் உழுதது. இந்த முறை ஆவணி வெயிலில் ரேடியேற்றரில் தண்ணீர் இறங்கினது தெரியாமல் அவன் பாட்டுக்குப் பாட்டுப் பாடிக்கொண்டு உழுதான். மெசின் காய்ந்து, கொதித்து, எஞ்சினின் மேல்மூடி வெடித்துப் போனது. அந்த மூடியைத்தான் மெக்கானிக்மார் ‘ஹெட்’ என்பார்கள். வாய்க்கால் கரையில் அது ‘தலை’ ஆகிவிட்டது. “யோகநாதன்ர மெசினுக்குத் தலை போச்சாம்” என்று உடையார்கட்டு வரைக்கும் கதை போனது.

யோகநாதன் நல்லவன். குடி இல்லை, சூது இல்லை. ஒரேயொரு குறைதான். சொன்ன சொல்லைத் திருப்பி எடுக்கமாட்டான். ஒரு கலியாண வீட்டில் பாயாசம் தன் இலைக்கு வரப் பிந்திவிட்டது என்று, “எனக்குப் பாயாசம் பிடிக்காது” என்று சொன்னவன், அன்றைக்குப் பிறகு பாயாசத்தைத் தொட்டதே இல்லை. கமலாசனி பாயாசம் காய்ச்சுகிற நாளில் குசினிப் பக்கம் வந்து மூக்கை உறிஞ்சிக்கொண்டு நிற்பான். ஒரு வாய் தரவோ என்று கேட்டால், “எனக்கு உது பிடிக்காதெல்லே” என்று போய்விடுவான். என்ன மனிசனப்பா!

அப்பேர்ப்பட்டவன், எருமை வைத்திருக்கிற வீரகத்தியருக்கு முன்னால் நின்று ஒரு சொல் சொல்லிவிட்டான்.

வீரகத்தியர் வாய்க்கால் கரையில் மூத்த குடியேற்றக்காரர். வெற்றிலை போட்ட வாயோடு நாளுக்கு ஒருதரம் வந்து மெசினைச் சுற்றிப் பார்ப்பார். “எருமைக்குத் தலை வெடிக்காது தம்பி” என்பார். மூன்றாம் நாளோ நாலாம் நாளோ அதைக் கேட்டு யோகநாதனுக்கு ரோசம் ஏறிவிட்டது.

“மழைக்கு முதல் உது ஓடாட்டில் நாங்கள் ஊருக்குப் போறம். முடிஞ்சுது கதை.”

சொல்லி வாயை மூடும்போதே அவன் முகம் ஒரு மாதிரிப் போனது. ஆனால் சொல் போய்விட்டதே! கமலாசனி சாம்பல் சிரட்டையைத் தேடினாள்.

ஊர் என்றால் யாழ்ப்பாணம், யோகநாதனின் தமையன் வீடு, புகையிலைத் தோட்டம். கலியாணம் முடித்த புதிதில் கமலாசனி அங்கே பின்னறையில் இருந்தவள். ஒரு குடம் தண்ணீர் அள்ளவும் தமையன் பெண்சாதியின் முகத்தைப் பார்க்க வேண்டும். விளக்கை எப்போது அணைப்பது என்றுகூட அவாதான் சொல்லுவா. இங்கே மண் சுவர், வைக்கோல் கூரை, மழைக்கு மூன்று இடத்தில் ஒழுக்கு. ஆனால் வாசல் அவளுடையது. வேலியோரத்து முருங்கை அவள் நட்டது. “இஞ்ச நான் கத்தினாலும் என்ர காணிக்குள்ள நிண்டெல்லோ கத்துறன்” என்று அவள் பெருமையாகச் சொல்லுவாள். கத்தவும் செய்வாள்.

இனி மழை. புரட்டாதிக் கடைசியில் காய்ந்த மண்ணைப் புழுதியாக உழுது, விதைத்து, மறுபடியும் உழுது மூடிவிட்டால், விழுகிற முதல் மழையோடு நெல் முளைத்துவிடும். மழை முந்திவிட்டால் மண் சேறாகிவிடும், பிறகு சேற்றில் மிதிக்க எருமை வேண்டும். அவர்களிடம் மாடும் இல்லை, மெசினுக்குத் தலையும் இல்லை. தெற்கே பின்னேரங்களில் வானம் கறுத்துக்கொண்டு வந்தது.

இதற்குள் இன்னொன்றும் நடந்தது. யோகநாதன் பரணிலிருந்த தகரப் பெட்டியை இறக்கி, அறை மூலையில் வைத்துப் பூட்டும் போட்டுவிட்டான். கூட்டும்போது கமலாசனி காலால் தள்ளிப் பார்த்தாள். அசையவில்லை. அவ்வளவு பாரம். உடுப்பும் சட்டி பானையும் கட்டியாயிற்று என்று நினைத்தாள். அதோடு மூலையில் இருந்த விதைநெல் மூட்டையையும் காணவில்லை.

“விதைநெல் எங்க?” என்று கேட்டாள்.

“அது இனி உனக்கு என்னத்துக்கு?” என்றான் யோகநாதன், முகத்தைப் பார்க்காமல்.

ஆருக்கோ தூக்கிக் கொடுத்துவிட்டான் பாவி என்று விளங்கிக்கொண்டாள். அன்றைக்கு வீட்டில் துருப் பிடித்த மண்வெட்டிகூட மினுங்கியது.

மறுநாள் காலைப் பஸ்ஸில் யாக்கோப்பு வந்து இறங்கினார். முல்லைத்தீவில் வள்ளங்களுக்குப் பூட்டுகிற எஞ்சின்களைத் திருத்துகிறவர். யோகநாதன் சொல்லிவைத்தபடி கொழும்பிலிருந்து லொறியில் வந்த புதுத் தலையைச் சாக்கில் சுற்றி, அதன்மேல் ஒரு கட்டுக் கருவாட்டையும் வைத்துக் கட்டிக் கொண்டுவந்திருந்தார். வலது கை துணிச் சுற்றோடு நெஞ்சில் தொங்கியது.

“என்ன அண்ணை கையில?” என்று பதறினாள் கமலாசனி.

“கெளிறு மீன் குத்திப்போட்டுது தங்கச்சி. இஞ்ச பார், பெருவிரல் வாழைக்காய் மாதிரி வீங்கிக் கிடக்கு. வாய் இருக்கு, கண் இருக்கு. கைதான் வேறை ஆரும் தரவேணும்.” பிறகு யோகநாதன் பக்கம் திரும்பித் தலையைச் சொறிந்தார். “தம்பி, இன்னொரு சங்கதி. தலை வந்திட்டுது, கஸ்கட் வரேல்லை.”

“அதென்ன கஸ்கட்?” என்றாள் கமலாசனி.

“தலைக்கும் புளொக்குக்கும் இடையில வைக்கிற செப்புத் தகடு. அதில்லாமல் மூடினால் தண்ணியும் புகையும் எல்லாப் பக்கத்தாலும் சீறும். இண்டைக்கு ரெயிலில கிளிநொச்சிக்கு வருமாம்.”

யோகநாதன் சைக்கிளை எடுத்தான். வழக்கமாக வெளிக்கிடும்போது, “என்ன வேணும்?” என்றாவது கேட்பான். இன்றைக்கு வானத்தைப் பார்த்தான், மெசினைப் பார்த்தான், மிதித்துக்கொண்டு போய்விட்டான்.

யாக்கோப்பு மெசினுக்குக் கிட்ட வந்து குனிந்தார். எஞ்சினின் அடிக்கட்டையைத்தான் அவர் புளொக் என்றார். தலையைக் கழற்றின இடத்தில் நாலு பெரிய குழிகள், சுற்றிவரச் சின்னச் சின்ன ஓட்டைகள். மேல்முகம் முழுக்கப் பழைய கஸ்கட் கருகித் தீய்ந்த அடிச்சோறாகப் பிடித்திருந்தது.

“உந்த முகத்தைக் கண்ணாடி மாதிரித் துப்புரவாக்கினால்தான் புதுத் தலை பொருந்தும். எப்பன் ஊத்தை கிடந்தாலும் ஒழுகும். இந்தக் கையை வைச்சுக்கொண்டு…” என்று இழுத்தார்.

“நான் உரஞ்சிறன்” என்றாள் கமலாசனி.

“தங்கச்சி, இது கஞ்சிப் பானை இல்லை.”

“கரி எங்க பிடிச்சாலும் கரிதானே? விடுங்கோ.”

போனவள், கையில் சாம்பல் சிரட்டையும் தும்புமாகத் திரும்பி வந்தாள். யாக்கோப்பு இரண்டு முழம் துள்ளினார்.

“மாதாவே! அதை அங்கால கொண்டுபோ! காத்துக்கு மேலால நில்லாதை!”

“ஏன் கத்திறியள்?”

“உந்தச் சாம்பல் எப்பன் இந்தக் குழியுக்கை விழுந்தாலும் காணும். உள்ளுக்கை ஏறி இறங்கிற பிஸ்டன் அதை அரைச்சு அரைச்சு எஞ்சினையே தின்னப்பண்ணிப்போடும். சாம்பல் வேண்டாம், மணல் வேண்டாம், செங்கல்லுத் தூளும் வேண்டாம். பழைய சீலை இருக்கோ? முதலில குழியளை அடைப்பம்.”

கமலாசனி யோகநாதனின் பழைய வேட்டியொன்றை எடுத்து நாலாகக் கிழித்தாள். கிழிக்கும்போது சர்ரென்று வந்த சத்தம் அவளுக்கு நல்லாப் பிடித்திருந்தது. நாலு குழிக்கும் நாலு துண்டு. சின்ன ஓட்டைகளுக்குக் கடதாசி உருட்டித் திணித்தாள். பிறகு மண்ணெண்ணெயைத் துணியில் தோய்த்து முகம் முழுக்கப் பூசி, ஊறவிட்டார்கள்.

“இரும்பு உளி வேண்டாம். கீறினால் அந்தக் கீறலுக்குள்ளாலயே தண்ணி வெளிக்கிட்டிடும். உதென்ன, கூரைக்குப் போட்டு மிஞ்சின பனஞ்சலாகையோ? அதைத் தா. இல்லை இல்லை, நீயே சீவு. நுனியைத் தட்டையாச் சீவு.”

நல்ல வைரம் பாய்ந்த பனை. கமலாசனி கத்தியால் நுனியைத் தட்டையாக்கி, முகத்தோடு முகமாகப் படுக்கவைத்துத் தள்ளினாள். ஊறின கரி ஓரம் கிளம்பி, பொருக்குப் பொருக்காகக் கழன்றது. கழலக் கழல அவளுக்கு உற்சாகம் ஏறியது. கழன்றதைக் குழிப் பக்கம் போகவிடாமல் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும் என்று யாக்கோப்பு சொன்னார். சோற்றுப் பானைக்கு வெளியே பருக்கை சிந்தாமல் வடிக்கிறவளுக்கு இது ஒரு வேலையா?

“உனக்கு ஆர்மேல கோவம்?” என்று யாக்கோப்பு கேட்டார். அவர் வேப்பமர வேரில் குந்தி, இடக்கையால் சுருட்டைப் பிடித்துக்கொண்டிருந்தார். பற்ற வைக்கவில்லை, மண்ணெண்ணெய்க்குப் பயம்.

“ஒருத்தரிலயும் இல்லை.”

“இல்லாமலோ இந்த இழுவை இழுக்கிறாய்?”

அவள் கையை நிறுத்தாமல் எல்லாவற்றையும் சொன்னாள். வீரகத்தியர், மழை, ஊர், தமையன் பெண்சாதி, பெட்டி, விதைநெல். சொல்லச் சொல்ல மூக்கு அடைத்தது. மண்ணெண்ணெய்க் கையால் கண்ணைத் துடைக்கப் போனாள்.

“ஐயையோ, கண்ணில வைக்காதை!” என்று கத்தினார் யாக்கோப்பு. “அழுறதெண்டால் கையைக் கழுவிப்போட்டு வந்து அழு.”

அழ வந்தவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“தம்பிக்கு ஊருக்குப் போக விருப்பமோ?” என்று கேட்டார்.

“ஆருக்குத் தெரியும்? கேட்டால்தானே சொல்லும் அந்த மனிசன். வாயில பூட்டு, பெட்டியில பூட்டு.”

“என்ர மனிசி ஜோசப்பினும் உப்பிடித்தான் என்னைப் பேசுவா. நான் ஒண்டும் சொல்லுறேல்லையாம். கடலில எஞ்சின் நிண்டு நான் இரவு முழுக்கத் தத்தளிச்சு வந்தாலும், ‘என்ன பிந்திப்போச்சு?’ எண்டு கேப்பா. ‘சும்மா’ எண்டுவன். வேறை என்னத்தைச் சொல்லுறது? சொன்னால் பிறகு கடலுக்கு விடமாட்டா. அந்த மூலை, தங்கச்சி, அந்த மூலையை விட்டிட்டாய்.”

கரி முழுக்கக் கழன்றதும் யாக்கோப்பு கிட்ட வந்து கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். “கண்ணுக்குத் துப்புரவாத்தான் தெரியுது. நகத்தால தடவு. எங்கயாவது தடக்குதோ?”

ஒரு இடத்தில் தடக்கியது. திரும்ப மண்ணெண்ணெய், திரும்பச் சலாகை. பிறகு போல்ட் இறங்குகிற ஓட்டைகளுக்குக் கோழி இறகு. அடியில் தண்ணியோ எண்ணெயோ தேங்கி நின்றால், போல்ட் முறுகினது போலக் காட்டி ஏமாற்றிவிடும் என்றார். கமலாசனி சேவலைத் துரத்திப் பிடித்து, அது கொக்கரிக்கக் கொக்கரிக்க வாலில் இரண்டு இறகு பிடுங்கினாள். கடைசியில் யாக்கோப்பு ஒரு இரும்பு அடிமட்டத்தை முகத்தின்மேல் நிமிர்த்தி வைத்து, அதன் கீழால் வெளிச்சம் தெரிகிறதா என்று ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்தார். நெடுக்காக, குறுக்காக, மூலைக்கு மூலை. ஒரு கீற்றும் தெரியவில்லை.

“அச்சா! வளைவும் இல்லை, நெளிவும் இல்லை. இனிப் பெற்றோல் தோய்ச்சு ஒருக்காத் துடைச்சு, வெள்ளைத் துணியால மூடிவிடு. கோழி ஏறப் பாக்கும்.”

“இந்தச் சேவல் இனி இந்தப் பக்கமே வராது அண்ணை.”

மத்தியானம் யாக்கோப்பு கொண்டுவந்த கருவாட்டில் தேங்காய்ப்பால் விட்ட குழம்பும், முருங்கையிலைச் சுண்டலும், குத்தரிசிச் சோறும். யாக்கோப்பு இடக்கையால் சாப்பிட வெட்கப்பட்டார். கமலாசனி ஒரு கரண்டியைக் கொண்டுவந்து கொடுத்தாள். மூன்று தரம் சோறு வாங்கினார். ஆனால் யோகநாதனைக் காணவில்லை. வெயில் சாய்ந்தது. ரெயில் எப்போதோ வந்து போயிருக்கும். தெற்கே மேகம் திரண்டு, எங்கோ தூரத்தில் ஒரு முழக்கம் கேட்டது.

வெயில் தணிந்த பிறகுதான் அவன் வந்து சேர்ந்தான். உடம்பெல்லாம் செம்மண் புழுதி, கால் தள்ளாடியது.

“இவ்வளவு நேரமும் எங்க?”

“ரெயில் பிந்திப்போச்சு.” கஸ்கட் பார்சலை யாக்கோப்பிடம் நீட்டினான். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு கடதாசிச் சுருளை எடுத்துக் கமலாசனியிடம் கொடுத்தான். சுடுமணலில் வறுத்த கச்சான் கடலை. அவள் சுருளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கலியாணம் முடித்த நாளிலிருந்து இந்த மனிசன் வெளியே போய் வரும்போது ஒரு கச்சான் கொட்டையைக் கொண்டுவந்தது கிடையாது.

வீரகத்தியரும் வாசனை பிடித்தது போல வந்து சேர்ந்தார். “இண்டைக்கே தலை வைக்கிறியளோ?” என்றார்.

“வெளிச்சம் இருக்கேக்கையே வைப்பம். தம்பி, கையைக் கழுவு. அந்தத் துணியை எடு. தங்கச்சியின்ர வேலையைப் பார், முகம் பார்த்துத் தலை வாரி இழுக்கலாம்!”

யோகநாதன் பார்த்தான். அவன் கண் அந்த மினுங்கல் முகத்தை விட்டு எடுபடவில்லை. கமலாசனி அதைக் கண்டாள். களைப்பு என்று நினைத்துக்கொண்டு தேத்தண்ணி ஊற்றக் குசினிக்குள் போனாள். யாக்கோப்பு அந்தப் பக்கம் திரும்பி, போல்ட்டுகளுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். வீரகத்தியர் வேலியடியில் வெற்றிலை துப்பப் போனார். அந்த இடைவெளியில்தான் யோகநாதன் தனியே நின்று கஸ்கட்டை வைத்தான்.

பிறகு அவனும் வீரகத்தியருமாகத் தலையைத் தூக்கி இறக்கினார்கள். நடுவிலிருந்து வெளியே, மாறி மாறி, கொஞ்சம் கொஞ்சமாக முறுக்க வேண்டும் என்று யாக்கோப்பு சொல்லச் சொல்ல, யோகநாதன் முறுக்கினான். தண்ணீர் ஊற்றினார்கள். யோகநாதன் கம்பியைப் போட்டுச் சுழற்றினான். முதலில் ஒரு தும்மல், பிறகு ஒரு இருமல், பிறகு மெசின் உறுமியது. வீரகத்தியரே கை தட்டிவிட்டார்! கமலாசனி தேத்தண்ணிக் கோப்பையோடு நின்ற இடத்தில் நின்று சிரித்தாள்.

சிரிப்பு அடங்க முதல் ‘ஸ்ஸ்’ என்றது. பின்மூலையில், தலையும் புளொக்கும் சேருகிற கோட்டில் தண்ணீர் கொப்புளித்து வழிந்தது. யாக்கோப்பு கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார்.  வீரகத்தியர்கூட எருமையைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. அதுதான் கமலாசனிக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

இரவில் நாலு துளி விழுந்து நின்றது. அவள் கண் மூடவில்லை.

விடிந்ததும் கழற்றினார்கள். தலையைத் தூக்கி, கஸ்கட்டைக் கிளப்பினார் யாக்கோப்பு. பின்மூலையில், ஒரு சதக் காசளவில் வட்டமாக ஒன்று மண்ணிறத்தில் காய்ந்து பிடித்திருந்தது.

“தங்கச்சி…” என்று இழுத்தார். “இந்த மூலையை விட்டிட்டாய் போல.”

கமலாசனிக்கு எங்கிருந்து வந்ததோ அந்தக் குரல். “ஆர் விட்டது? என்ர கையில ஊத்தை தப்பாது அண்ணை! நீங்கள்தானே அடிமட்டம் வைச்சுப் பாத்தனீங்கள்? உந்த மூலையை மூண்டு தரம் நகத்தால தடவினனான்!”

“அதுதானே. நானும் பாத்தனான்…” யாக்கோப்பு குழம்பிப்போனார்.

அவள் குனிந்து, அந்த வட்டத்தை நகத்தால் சுரண்டி மூக்கடிக்குக் கொண்டுபோனாள். கருகின வாசம். ஆனால் அதற்குள்ளிருந்து இன்னொரு வாசம் வந்தது. அவள் மெல்ல நிமிர்ந்தாள்.

“இது சந்தனம்.”

யாக்கோப்பு யோகநாதனைப் பார்த்தார். வீரகத்தியர் யோகநாதனைப் பார்த்தார். யோகநாதன் வேப்பமரத்தைப் பார்த்தான்.

“நேற்றுக் கொண்டுவந்த கச்சான் எங்க வாங்கினது?” என்று கேட்டாள் கமலாசனி.

“ஸ்ரேசனடியில.”

“ஸ்ரேசனடியில ஆரப்பா கச்சான் விக்கிறது?” என்று வீரகத்தியர் இடையில் புகுந்தார். “முறிகண்டியில எண்டால் பிள்ளையார் கோயிலடி முழுக்கக் கச்சான்தான்.”

கமலாசனிக்கு எல்லாம் வெளித்தது. கண்டி வீதியால் போகிற லொறிக்காரன், பஸ்காரன், கார்க்காரன் ஒருவனும் முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்காமல் தாண்டமாட்டான். கிளிநொச்சிக்குப் போனவன், அதற்கும் அப்பால் அந்தக் கொதி வெயிலில் சைக்கிள் மிதித்துப் போயிருக்கிறான். தலை இல்லாத மெசினுக்காகத் தேங்காய் உடைத்திருக்கிறான்.

“என்னத்துக்கு அங்க போனனீங்கள்?”

“சும்மா.”

“சும்மாவோ? இஞ்சேருங்கோ, என்னைப் பாருங்கோ. என்னத்துக்கு நேந்தனீங்கள்?”

யோகநாதன் காலால் மண்ணைக் கிளறினான். காது சிவந்துவிட்டது. “மெசின் ஓட வேணுமெண்டு.”

“ஓடினால் ஊருக்குப் போகேலாதே?”

அவன் மெசினின் சில்லுப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

யாக்கோப்புக்கு முதலில் தோள் குலுங்கியது. பிறகு வயிறு குலுங்கியது. பிறகு வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டு, வீங்கின கையை மறந்து தொடையில் அடித்து, “ஆ!” என்று கத்தி, திரும்பவும் சிரித்தார். “தம்பி! எஞ்சினுக்கு வெளியில எவ்வளவு இடம் கிடக்கு! மூக்கில பூசு, மட்காட்டில பூசு, சில்லில பூசு. உள்ளுக்கையோ பூசுறது? எங்கட அந்தோனியாரும் வெளியில நிண்டுதான் எஞ்சினைப் பாப்பார்!”

“உள்ளுக்கை வைச்சால் உள்ளுக்கையே நிண்டு பாப்பார் எண்டு நினைச்சனான்” என்றான் யோகநாதன். அதைச் சொன்ன விதத்தில் வீரகத்தியரும் சிரித்து, வெற்றிலை புரைக்கேறிப் போனார்.

கமலாசனிக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது, கையில் பனஞ்சலாகையும் இருந்தது. சலாகையை அவன் கையில் திணித்தாள்.

“இந்தாருங்கோ. நீங்கள் பூசினதை நீங்களே துடையுங்கோ. முதலில குழியளை அடையுங்கோ. சாம்பல் தொடக்கூடாது. மண்ணெண்ணெயை ஊறவிடுங்கோ.”

யாக்கோப்பு செய்ய இருந்த வேலையை அவளே எடுத்துக்கொண்டாள். அவன் பின்னால் நின்று, “அந்த மூலை”, “நகத்தால தடவுங்கோ”, “தடக்குது, திருப்பித் துடையுங்கோ” என்று ஒரு சொட்டு இரக்கம் இல்லாமல் வேலை வாங்கினாள். அவன் ஒரு சொல்லும் மறுத்துப் பேசவில்லை. யாக்கோப்பு குசினி அடுப்பில் சிரட்டைக் கரி மூட்டி, நசிந்த கஸ்கட்டைச் சிவக்கக் காட்டித் தண்ணீரில் அமத்தினார். செப்பு இளகிவிடும், இன்னொரு தரம் தாங்கும் என்றார். போல்ட் ஓட்டைக்கு இறகு தேவைப்பட்டபோது சேவல் அயல் வீட்டு வேலிக்கு மேலால் பறந்துவிட்டது. வீரகத்தியர் தன் வீட்டுப் பேட்டுக் கோழியிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்தார்.

வெயில் ஏற முதல் மெசின் உறுமியது. எல்லாரும் அந்த மூலையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒரு சொட்டு இல்லை. கமலாசனி விரலை வைத்துத் தடவிப் பார்த்தாள். காய்ந்து கிடந்தது. பிறகு யோகநாதனின் சட்டைப் பைக்குள் தானே கையை விட்டு, வாழையிலைத் துண்டில் மடித்துக் கிடந்த மிச்சச் சந்தனத்தை எடுத்து, மெசினின் மூக்கில் பெரிதாக ஒரு பொட்டு வைத்தாள்.

“இதுதான் பிள்ளையாற்ற இடம்” என்றாள்.

அன்று முழுக்க மெசின் நிற்கவில்லை. யோகநாதன் உழ, புழுதி எழும்பி வேப்பமரத்துக்கு மேலே போனது. வீரகத்தியர் வரம்பில் நின்று, “என்ர கிழக்குத் துண்டையும் ஒருக்கா…” என்று மெல்லக் கேட்டார். யாக்கோப்பு பின்னேரப் பஸ்ஸுக்குப் போகும்போது, “கையைப் பற்றி ஜோசப்பினுக்கு என்ன சொல்லப்போறியள்?” என்று கமலாசனி கேட்டாள். “சும்மா எண்டுவன்” என்றார். தெற்கே மேகம் இந்த முறை நகர்ந்து நகர்ந்து கிட்ட வந்தது. நாளைக்கு இல்லையென்றால் மறுநாள் நிச்சயம் கொட்டும்.

கமலாசனி உழுது முடிந்த துண்டைச் சுற்றி நடந்து பார்த்தாள். மண் தயார். விதை? அதைத்தான் ஆருக்கோ கொடுத்தாயிற்றே. வரம்பில் ஏறி நின்று கத்தினாள்.

“விதைநெல்லுக்கு இனி எங்க போறது? ஆருக்குக் குடுத்தனீங்கள், சொல்லுங்கோ, நான் போய்க் கெஞ்சிக் கேக்கிறன்!”

யோகநாதன் மெசினை நிறுத்தவில்லை. மடியிலிருந்து எதையோ எடுத்து அவள் பக்கம் எறிந்தான். புழுதியில் விழுந்தது. பெட்டிப் பூட்டின் திறப்பு.

கமலாசனி வீட்டுக்கு ஓடினாள். அறை மூலையில் குந்திப் பூட்டைத் திறந்து மூடியைத் தூக்கினாள். மேலே காய்ந்த வேப்பிலை பரப்பியிருந்தது. இலையை விலக்கினாள். நெல். பெட்டி முட்ட விதைநெல். ஒரு வேட்டி இல்லை, ஒரு சட்டை இல்லை, ஒரு சட்டி இல்லை. நெல்லுக்குள் இரண்டு கையையும் முழங்கை மட்டும் புதைத்தாள். கண்ணால் ஓடினதை இந்த முறை துடைக்கவும் இல்லை.

பிறகு ஒரு பனையோலைக் கடகம் நிறைய அள்ளித் தலையில் வைத்துக்கொண்டு வயலுக்கு வந்தாள். அவன் கடகத்தைக் கண்டுவிட்டு மெசினை நிறுத்தினான். முகம் முழுக்கப் புழுதி, கண் மட்டும் தெரிந்தது.

“மூலையில வைச்சால் எலி வெட்டுது” என்றான், வேறு எங்கோ பார்த்துக்கொண்டு. “அதுதான் பெட்டிக்கை போட்டனான்.”

“ஓமோம்” என்றாள் கமலாசனி. “எலிக்குத்தான்.”

கடகத்தை இடுப்புக்கு இறக்கி, கை நிறைய நெல் அள்ளி, முதல் பிடியை வீசினாள்.